இடமிருந்து வலமாக

இன்னும் ஐம்பத்திரண்டு நிமிடம். கடிகாரத்தை ஒரு மணி நேரத்துக்குத் திருகிவைத்து எட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது, அதற்குள் மீனலோசனி நான்கு முறை தட்டை எட்டிப் பார்த்துவிட்டாள், அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி. பாலென்னவோ இருந்தது, பொங்குகிற பால் இல்லை. பால் பவுடரைக் கரைத்த தண்ணீரில், உள்ளங்கை அகலம் வருகிற ஒரு வெள்ளைச் சவ்வு, ஆட்டும் மேசையின்மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி, ஆய்வுக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. குளிர்பெட்டிகள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன. அவள் பிப்பெட்டைத் தொட்டு ஒன்பது வருஷம் ஆயிற்று. துறைத்தலைவி ஆகிவிட்டால் கைவேலை போய்க் கையெழுத்து வேலைதான் மிஞ்சுகிறது. நேற்று மாலை விட்ட முதல் சொட்டு குறி தவறி மேசையில் விழுந்ததைப் பார்க்க யாரும் இல்லாதது நல்லதாயிற்று. மாணவர்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள், சொன்னால் பத்து நிமிடத்தில் ஓடிவந்து செய்து கொடுப்பார்கள், ஆனால் இதை யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை. இந்தச் சவ்வு அவளுடையது அல்ல. பதினொரு வருஷத்துக்கு முன் இசக்கியம்மாள் என்ற மாணவி செய்தது. அவள் விட்டுப்போன நோட்டுப் புத்தகத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில், காய்ந்து, மடங்காமல், அப்படியே இருந்தது. ஜெல் என்கிற கூழ்ப்பலகையின் ஆறு குழிகளில் ஊற்றிய செல்சாறு கீழே இறங்கி ஆறு தடங்களாகப் பதிந்த சவ்வு. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சாரப் புரதம் அதிகமாக இருப்பது வலது ஓரத் தடத்திலா, இடது ஓரத் தடத்திலா. வலது என்றால் அந்தப் பெண் அன்றைக்குச் சொன்னது சரி. இடது என்றால் மீனலோசனி சொன்னது சரி. இடதாக இருக்கட்டும் என்று நினைத்தாள், நினைத்ததும் வெட்கமாக இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் அதையே நினைத்தாள். ஐம்பத்தோரு நிமிடம்.

சாரப் புரதம் என்று தமிழில் பெயர் வைத்ததே அவள்தான். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறோமே, அது. சாரம் செங்கல் அடுக்காது, பூசாது, ஆனால் அது இல்லாமல் கொத்தனார் எட்ட முடியாது. செல்லின் சுவரில் ஒரு செய்தி வந்து தட்டுகிறது: வளர், பிரி, அல்லது செத்துப்போ. அந்தச் செய்தி உள்ளே கரு வரைக்கும் போக வேண்டும். கொண்டுபோகிறவை கைனேஸ்கள். முதல் கைனேஸ் இரண்டாவதன் முதுகில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும், அது விழித்துக்கொண்டு மூன்றாவதன் முதுகில் ஒட்டும், மூன்றாவது போய்க் கருவில் சொல்லும். ஆனால் செல்லுக்குள் இருப்பது சித்திரைத் திருவிழாக் கூட்டம். அந்த நெரிசலில் ஒன்றை ஒன்று எங்கே போய்த் தேடுவது? அதற்குத்தான் சாரப் புரதம். தானாக ஒரு துரும்பையும் நகர்த்தாது, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்த்தி வைக்கும், மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும். ஆகவே சாரம் கூடினால் செய்தி கூடும். எவ்வளவு லட்சணமான வாக்கியம். இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் மூன்று வருஷத் திட்டத்தையே எழுதியிருந்தாள், எழுதிய பிறகு அது தெரிந்த உண்மையாகவே ஆகிவிட்டது, நிரூபிப்பது ஒரு சடங்கு. வாராவாரம் நடக்கும் வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஒன்றில் இசக்கியம்மாள் வந்து திரையில் படத்தைப் போடுகிறாள், இடமிருந்து வலமாக ஆறு தடம், முதலாவதில் செய்தி பளிச்சென்று கறுப்புப் பட்டையாக இருக்கிறது, வரவர மங்குகிறது, ஆறாவதில் கரிக்கோடு அழிந்த மாதிரி. சாரம் கூடக்கூடச் செய்தி குறையுது மேடம் என்கிறாள். எப்படிக் குறையும் என்று கேட்டதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தாள், அதுதான் வினை. “ஒரு தரகர் இருந்தா பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரே வீட்டுல உக்கார வச்சிருவாரு மேடம். நூறு தரகர் வந்துட்டா? பொண்ணு ஒருத்தர்ட்ட இருப்பா, மாப்பிள்ள இன்னொருத்தர்ட்ட இருப்பான். தரகருக்குப் பஞ்சமில்ல, கல்யாணந்தான் நடக்காது.” கூடமே சிரித்தது. மீனலோசனியும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது எல்லோரும் தன் வாக்கியத்தைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று பட்டுவிட்டது, அப்படிப் பட்ட பிறகு தரகரும் கல்யாணமும் காதில் ஏறவே இல்லை. மீனலோசனி பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். நாலாவது காலைக் கண்ணெதிரே தூக்கிக் காட்டின பெண்ணைப் பார்த்து, அது உன் கைவிரல் என்று சொல்லிவிட்டாள்.

கை. ஆமாம், கைதான். இசக்கியம்மாள் இடது கைக்காரி. நாங்குநேரிப் பக்கத்துப் பெண், இருபத்து நாலு வயசு, கெட்டியாக வாரின சடை. எழுதும்போது எழுதின வரியின் மேலேயே கை இழுபட்டுப் போகும், அதனால் உள்ளங்கை ஓரம் எப்போதும் நீலமாக இருக்கும், நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமும் மேகம் கலைந்த மாதிரி மை தீற்றிக்கிடக்கும். அந்தத் தீற்றலே மீனலோசனிக்கு ஆகாது. சுத்தம் இல்லாத நோட்டு, சுத்தம் இல்லாத வேலை என்று எங்கோ ஒரு முடிச்சு விழுந்திருந்தது. சேர்ந்த முதல் வாரம் ஊரிலிருந்து கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்து பொட்டலத்தை நீட்டினாள், நீட்டினது இடது கை. மீனலோசனி வாங்கவில்லை, வலது கையால குடும்மா என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தப் பெண் பொட்டலத்தைக் கை மாற்றும்போது இரண்டு மிட்டாய் கீழே விழுந்தது, அவளே குனிந்து பொறுக்கினாள். இதெல்லாம் அன்றைக்கு ஒன்றுமே இல்லை. யார் வீட்டில்தான் சொல்லமாட்டார்கள், வாங்குவதும் கொடுப்பதும் வலது கையால் என்று? ஆனால் கூட்டம் முடிந்த மறுநாள் படத்தை மேசையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது மனசு வேறெங்கும் போகாமல் நேரே அந்தக் கைக்குத்தான் போயிற்று. ஜெல்லின் இடது ஓரக் குழியில் அளவு காட்டும் வண்ணப் புரதத்தை ஊற்றிவிடுவார்கள், இடது எது வலது எது என்பதற்கு நீலமும் சிவப்புமாக அது சாட்சி. அடுத்த ஆறு குழியில் எதை எந்த வரிசையில் ஊற்றினாள் என்பதற்கு ஊற்றினவள் கையை விட்டால் சாட்சி கிடையாது. சாரம் சேர்க்காததை முதலில் ஊற்றி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே இடமிருந்து வலமாகப் போகவேண்டும், அது இந்தக் கூடத்தின் பழக்கம். நீ இடது கை, உன் கைவாகுக்கு வலப்பக்கத்துலேர்ந்து ஊத்தியிருக்க என்றாள் மீனலோசனி. இல்ல மேடம், இடப்பக்கத்துலேர்ந்துதான் என்றாள் அவள். வேண்டுமானால் திரும்பச் செய்கிறேன் என்று சொல்லி இரண்டு தரம் செய்தாள், இரண்டு தரமும் அதே படம். மூன்றாவது படத்தைக் கொண்டுவந்து நின்றபோது மீனலோசனி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கை அதேதானே, இசக்கி” என்றாள்.

அந்த மூன்று வார்த்தை. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவள் ஊற்றுவதை இருபது நிமிடம் பார்த்திருந்தால் போதும். இருபது நிமிடம். அந்த வாரம் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இரண்டு நாள் முழுக்க உட்கார்ந்து போண்டா தின்றாள். பார்க்க நேரமில்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டது பொய், பார்க்கப் பிடிக்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். பட்டைகளுக்கு மேலே சாரம் கூடுவதைக் காட்ட நீளவாக்கில் ஒரு முக்கோணம் வரைவது வழக்கம், ஒல்லி நுனி இருக்கும் பக்கம் குறைவு, தடித்த பக்கம் நிறைய. இசக்கியம்மாள் போட்ட படத்தில் ஒல்லி நுனி இடப்பக்கம் இருந்தது. மீனலோசனி அதைக் கணினியில் ஒரு தட்டுத் தட்டி மறுபக்கம் திருப்பினாள். பட்டையில் கை வைக்கவில்லை, படத்தில் கை வைக்கவில்லை, முக்கோணம் ஒன்றுதான், அதுவும் திருத்தம் என்று நம்பித்தான். திருப்பினதும் எல்லாம் கூடிவந்தது, சாரம் கூடினால் செய்தி கூடுகிறது, லட்சணமாக. ஏமாற்றினேனா? இல்லை, திருத்தினேன். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு வண்டிமாடு மாதிரி நின்றுவிடும், தட்டினாலும் நகராது. அப்படியானால் அந்தக் குப்பி? சாரப் புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு இந்தத் தடத்தில் இவ்வளவு என்று காட்டுகிற ஆன்டிபாடி அப்போது கூடத்தில் இல்லை, சுங்கத்தில் மாட்டிக்கிடந்தது. இருந்திருந்தால் ஒரே நாளில் யார் சரி என்று முடிந்திருக்கும். இரண்டு மாதம் கழித்துக் குப்பி வந்தது. கட்டுரை அதற்குள் அச்சாகியிருந்தது, இசக்கியம்மாளின் பெயரை இரண்டாவதாகப் போட்டிருந்தாள், அதுவே பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டும் இருந்தாள். சவ்வு நோட்டுக்குள் இருந்தது, குப்பி கையில் இருந்தது, மேசை காலியாக இருந்தது. மீனலோசனி குப்பியை ஃப்ரீசரில் வைத்துக் கதவைச் சாத்தினாள், நேற்று மாலைதான் அதை வெளியே எடுத்துச் சவ்வின்மேல் விட்டாள். முக்கோணத்தைத் திருப்பினதற்காவது நம்பிக்கை என்று ஒரு காரணம் உண்டு. ஃப்ரீசர் கதவுக்கு எந்தக் காரணமும் கிடையாது. அதுதான் பதினொரு வருஷமாக அறுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வாரக் கடைசியிலேயே இசக்கியம்மாள் படிப்பை விட்டுவிட்டுப் போகிறேன் என்று வந்து நின்றாள். ஏன் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு, மன்னிச்சிருங்க மேடம் என்றாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. கொழுப்பு, குத்திக்காட்டுகிறாள் என்று மீனலோசனிக்குக் கோபம் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

முப்பத்தாறு நிமிடம். காலையில் பிரஷர் மாத்திரை போட்டோமா இல்லையா என்று ஒரு சந்தேகம், போட்டோம், தோசைக்கு முன்னால். எல்லாம் நாலு நாளைக்கு முன், அந்தக் கட்டுரையைப் பற்றி வந்த ஒரு கடிதத்தால் வந்தது. எங்கோ பனிப்பிரதேசத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம், எழுதினது ஒரு இளம் பெண், பணிவு என்றால் அப்படி ஒரு பணிவு. இந்தத் தொழிலில் நீ சொன்னது தப்பு என்று யாரும் எழுதமாட்டார்கள், எங்கள் கைகளில் வேறு மாதிரி வருகிறது என்றுதான் எழுதுவார்கள். சாரப் புரதம் ஓர் அளவுக்கு மேல் போனால் எங்கள் கைகளில் செய்தி குறைகிறது, ஒவ்வொரு சாரத்திலும் ஒரு கைனேஸ் தனியாக உட்கார்ந்துவிடுவதால் இருக்குமோ என்று எழுதியிருந்தாள். தரகர் இல்லை, கல்யாணம் இல்லை, மற்றபடி அதேதான். படித்தபோது மீனலோசனிக்கு மேல்நாட்டுப் பெண் முகம் ஒன்றும் தோன்றவில்லை, மை தீற்றின உள்ளங்கைதான் தோன்றியது. அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம் பாதி சொன்னாள், அவர் யானைக்கும் அடி சறுக்கும் விடு என்றார். யானைக்குச் சறுக்கும், சரி. சறுக்கின யானை யார்மேல் விழுந்தது என்று அந்தப் பழமொழி கேட்பதில்லை. பழைய மாணவன் ஒருவனிடம் விசாரித்து இசக்கியம்மாளின் எண்ணை வாங்கியாகிவிட்டது. அம்பாசமுத்திரத்தில் புருஷனும் அவளும் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார்களாம், ஞாயிறும் மதியம் வரை திறந்திருக்குமாம். கூப்பிட்டு என்ன சொல்வது? இசக்கி, நான் மீனலோசனி மேடம் பேசறேன். மேடம் வேண்டாம். நான் மீனலோசனி பேசறேன். அவள் என்ன சொல்வாள், அது தெரியும், மூன்று நாளாகக் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. தெரியும் மேடம் என்பாள். அன்னைக்கே தெரியும், இப்பத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுதா என்பாள். சொல்லட்டும். திட்டட்டும், போனை வைத்துவிடட்டும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் இடப்பக்கம் என்று வந்துவிட்டால் அந்தப் பேச்சே தேவைப்படாது, அப்படியும் வரலாம் இல்லையா, பனிநாட்டுக்காரர்கள் சொன்னது சரியாக இருந்தும் இசக்கி தன் பங்குக்குக் குழியை மாற்றியிருக்கலாம் இல்லையா? மாற்றியிருந்தால் படம் ஏன் பனிநாட்டுக்காரர்கள் சொன்ன மாதிரியே வந்தது? இந்தக் கேள்விக்கு நாலு நாளாக விடை தெரியும். தெரிந்தும், கோர்ட்டில் வாய்தா கேட்கிறவன் மாதிரி, சவ்வைப் பார்த்தபின் என்று தள்ளித்தள்ளி வைத்தாகிவிட்டது.

கடிகாரம் கத்தியது. பால் நீரைக் கொட்டிவிட்டுக் கழுவ ஆரம்பித்தாள், பத்துப் பத்து நிமிடமாக மூன்று தரம், நுரைத் தண்ணீரில். முதல் கழுவலில் கணவர் கூப்பிட்டு, சாப்பிடக் காத்திருக்கவா, ரசத்தைச் சூடு பண்ணவா என்று கேட்டார். காத்திருக்க வேண்டாம் என்றாள். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு என்றார், ஏசி என்றாள். இரண்டாவது கழுவலில், இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறப்போகிறோம், யார் கேட்கப்போகிறார்கள், கடிதம் எழுதின பெண்ணுக்கு, நன்றி, உங்கள் கைகளில் வந்தது சுவாரஸ்யமாக இருக்கிறது என்று ஒரு பதில் எழுதினால் தீர்ந்தது என்று தோன்றியது. தோன்றினது மட்டுமில்லை, அந்தப் பதிலின் முதல் வரி முழுதாக மனசில் ஓடியும் முடிந்தது, நல்ல ஆங்கிலத்தில். மூன்றாவது கழுவலில் ஒன்றும் தோன்றவில்லை. நின்றபடி தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், நரம்பு புடைத்து, மோதிரம் இறுகி, பால் பவுடர் ஓரத்தில் காய்ந்து வெள்ளையாக. முப்பது வருஷத்தில் இந்தக் கையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. எத்தனை தடவை எதை மாற்றி ஊற்றியிருக்குமோ, யார் கண்டது. சவ்வை எடுத்து, ஒளிரவைக்கும் கரைசலை இரண்டு சொட்டு விட்டு, படம் எடுக்கும் பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடினாள். முப்பது விநாடி. திரை முதலில் சாம்பலாக இருந்தது. இடது ஓரத்தில் அளவுக்கோடுகள் வந்தன. அதன் பக்கத்தில், முதல் தடத்தில் கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற ஒரு கீற்று. இரண்டாவதில் அதைவிடக் கொஞ்சம். மூன்று, நான்கு என்று பெருத்து, ஐந்தில் தடித்து, ஆறாவதில் வலது ஓரத்தில் கரேலென்று ஒரு பட்டை, சுட்டுவிரல் அகலத்துக்கு. இதைவிட ஒழுங்காக யாராலும் ஊற்ற முடியாது. மீனலோசனி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது, எவ்வளவு சுத்தமான வேலை என்று. பாவி, ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று தன்னையே வாய்விட்டுத் திட்டினாள். பிறகு கைபேசியை எடுத்தாள், யோசித்தால் இரண்டாவது கழுவலில் ஓடிய அந்த ஆங்கில வரி மறுபடியும் வந்துவிடும்.

போன் நாலு தரம் அடித்தபின் எடுத்தார்கள். ஹலோ, லேப் என்றது குரல், கொஞ்சம் கட்டையாகியிருந்தது, அவளேதான். மீனலோசனி பேரைச் சொன்னதும் அங்கே நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது, எழுந்து நின்றுவிட்டாள் போலிருக்கிறது. நல்லாருக்கியளா மேடம் என்று கேட்டாள், சார் நல்லாருக்காவளா என்று கேட்டாள், உண்மையாகவே கேட்டாள். ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் மீனலோசனிக்கு மறந்துபோயிற்று.

“இசக்கி, உன்னோட பழைய சவ்வை இன்னைக்கு எடுத்து ஆன்டிபாடி போட்டுப் பார்த்தேன். நீ இடமிருந்து வலமாத்தான் ஊத்தியிருக்க. ஒரு குழிகூட மாறல. நான்தான் தப்பு. ஆன்டிபாடி அப்பவே வந்துது, பார்க்காம விட்டுட்டேன். பத்திரிகைக்கு எழுதி அந்தக் கட்டுரையத் திரும்ப வாங்கப்போறேன், முன்னாடி உங்கிட்ட சொல்லணும்னு கூப்பிட்டேன்.”

அங்கே பின்னால் யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ரிசல்ட் கேட்டார்கள். மீனலோசனி கண்ணை மூடிக்கொண்டு, தெரியும் மேடம் என்ற அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

“நெசமாவா மேடம்?” என்றாள் இசக்கியம்மாள். அது தெரிந்தவள் கேட்கிற கேள்வி இல்லை.

“நெசந்தான்.”

“நான் மாத்தித்தான் ஊத்திட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன் மேடம், இத்தன வருசமும். மூணு தடவயும் எனக்குச் சரியா ஊத்துன மாதிரிதான் இருந்துச்சு. ஆனா நீங்க சொல்லுதீயன்னா சரியாத்தான இருக்கும்? அதான் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்.”

அவள் நிதானமாக, ஊர் சமாச்சாரம் சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனாள். எண்ணிக்கை பிசகுகிற கையை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி எதற்கு என்றுதான் படிப்பை விட்டாளாம். ரத்தம் எடுக்கிற வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றிக்கொண்டாளாம், ஊசி, எழுத்து, குழாயில் பேர் ஒட்டுவது எல்லாம். முதல் ஆறு மாசம் நரம்பு தப்பி நிறையப் பேரிடம் ஏச்சு வாங்கினாளாம். இப்போது பழகிவிட்டதாம், ஆனாலும் ஒட்டின ஒவ்வொரு குழாயையும் புருஷன் ஒரு தரம் பார்த்துச் சரி சொன்னால்தான் அனுப்புவாளாம். வருத்தப்படாதீங்க மேடம் என்று நடுவில் இரண்டு தரம் சொன்னாள்.

பிறகு இசக்கியம்மாளின் குரல் தாழ்ந்துபோயிற்று.

“எம்மவளுக்கும் இடது கைதான் மேடம். ரெண்டாம் வகுப்பு படிக்கா. நான் பட்ட பாட்ட அவ படக்கூடாதுன்னு, பென்சில வலது கைக்கு மாத்து மாத்துன்னு நேத்துகூட அடிச்சேன்.”